அத்தியாயம் 4: எத்தனை பேரில் எத்தனை பேர்?

சனிக்கிழமை காலை துணை சுகாதார நிலையத்துக்கு வயிற்றுப்போக்கோடு நான்கு பேர் வருகிறார்கள். ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுக்கிறீர்கள். நீரிழப்பு எவ்வளவு என்று பார்த்து, தேவைப்பட்டவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைக்கிறீர்கள். அந்த நால்வருக்குச் செய்ய வேண்டியது அவ்வளவுதான். இனி எழும் கேள்விகள் ஊரைப் பற்றியவை. நால்வரும் எந்தத் தெரு? குடிதண்ணீர் எங்கே பிடிக்கிறார்கள்? போன வாரம் இப்படி எத்தனை பேர் வந்தார்கள்? நிலையத்துக்கு வராமல் வீட்டிலேயே படுத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

இந்தக் கேள்விகளுக்கு முறைப்படி விடை தேடுவதுதான் நோய்ப்பரவலியல். நர்சிங் பாடத்தில் எபிடெமியாலஜி என்ற தலைப்பில் சூத்திரம் சூத்திரமாகப் படித்துவிட்டு, தேர்வு முடிந்ததும் மறந்துபோகிறவர்கள் அதிகம். அது மாவட்டத் தலைநகரத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் வேலை என்றும் பலர் நினைக்கிறார்கள். இந்த எண்ணத்தை நான் அடியோடு மறுக்கிறேன். கணினியில் நோயாளிகளின் எண்ணிக்கை இருக்கும். அவர்கள் எந்த மக்கள் கூட்டத்திலிருந்து வந்தவர்கள், அந்தக் கூட்டத்தில் வயதுவாரியாக எத்தனை பேர், யார் கர்ப்பிணி, யார் வெளியூர் போயிருக்கிறார், யார் புதிதாகக் குடிவந்திருக்கிறார் என்பதெல்லாம் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில்தான் இருக்கிறது. சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை நிலையம் என்பது விதி. அந்த மக்களைத் தலைக்கட்டு வாரியாக அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

கீழே இருக்கும் எண்

பயிற்சிக்காக ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அத்தியாயம் நெடுக இந்தக் கற்பனை ஊர் வரும். வயிற்றுப்போக்கு வடக்குத் தெருவில் 32 பேருக்கு, தெற்குத் தெருவில் 27 பேருக்கு, மேற்குத் தெருவில் 8 பேருக்கு. முதலில் எந்தத் தெருவுக்குப் போவீர்கள்?

வடக்குத் தெரு என்று சொல்லத்தான் வாய் வரும். பதிவேட்டைத் திறந்து பாருங்கள். வடக்குத் தெருவில் குடியிருப்போர் 640 பேர், தெற்கில் 180 பேர், மேற்கில் 420 பேர். வகுத்துப் பார்த்தால் வடக்கில் நூற்றுக்கு 5 பேர், தெற்கில் நூற்றுக்கு 15 பேர், மேற்கில் நூற்றுக்கு 2 பேருக்கும் குறைவு. நோய் மையம் கொண்டிருப்பது தெற்குத் தெருவில். எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் ஒரு நாள் வீணாகியிருக்கும். அந்த ஒரு நாளில் தெற்குத் தெருவில் இன்னும் எத்தனை வீட்டில் பேதி கண்டிருக்குமோ!

இப்படி வகுத்து வருவதுதான் அட்டாக் ரேட் எனப்படும் தாக்கு விகிதம். மேலே நோயுற்றவர்கள், கீழே நோய்க்கு ஆளாகக்கூடிய எல்லோரும், பெருக்கல் 100. மேலே இருக்கும் எண்ணைச் சேர்க்க ஆளுக்கு ஆள் ஓடுவோம். கீழே இருக்கும் எண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் குறைவு. தவறு பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது.

கீழே யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதை நோய்தான் தீர்மானிக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு விகிதம் போடும்போது ஆண்களைச் சேர்த்தால் விகிதம் பொய்யாகக் குறையும். தட்டம்மை பரவும்போது ஏற்கெனவே தட்டம்மை வந்து போனவர்களைக் கீழே சேர்ப்பதில் பொருள் இல்லை. டெங்குப் பணியில் இந்தத் தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது. கொசுப்புழு கண்ட வீடுகளைச் சோதித்த வீடுகளால் வகுத்து 100ஆல் பெருக்கினால் வருவது வீட்டுக் குறியீடு. பூட்டிக் கிடந்த 40 வீடுகளையும் ‘போன வீடு’ என்று கணக்கில் சேர்த்துவிட்டால் குறியீடு இறங்கிவிடும், தெருவே சுத்தமானதுபோலத் தோன்றும். ஏடிஸ் முட்டை முழுக் கொசுவாக வளர 7 முதல் 10 நாள் போதும். பூட்டிய வீட்டின் மொட்டைமாடியில் கிடக்கும் பழைய டயருக்கு நம் கணக்கு தெரியாது.

பதிவேட்டில் இல்லாதவர்கள்

செங்கல் சூளையில் குடிசை போட்டுத் தங்கியிருக்கும் குடும்பங்கள், மில் விடுதியில் இருக்கும் இளம்பெண்கள், கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் இருபது பேராகப் படுத்துறங்கும் ஒடிசா, பீகார்த் தொழிலாளர்கள் ஆகியோரில் பலர் நம் பதிவேட்டில் இல்லை. தடுப்பூசி விட்டுப்போன குழந்தை, சளிப் பரிசோதனை செய்யாத காசநோயாளி, கழிப்பறை இல்லாத குடியிருப்பு எல்லாம் சேர்ந்திருப்பதும் அவர்கள் தங்கும் இடங்களில்தான். அவர்கள் கணக்கில் வராதவரை நம் பகுதியின் தடுப்பூசி விகிதம் 100க்குப் பக்கத்தில் நிற்கும். தட்டம்மை வந்த பிறகுதான் அந்த 100 எத்தனை பேரை விட்டுவிட்டுப் போட்ட 100 என்று தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது சூளை, மில், கட்டட வேலை நடக்கும் இடம் மூன்றுக்கும் நேரில் போய்த் தலை எண்ணி வாருங்கள். மேஸ்திரி சொல்லும் எண்ணிக்கையை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டாம்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண் கிளம்பிவிடுவாள். கர்ப்பம் பதிவானது ஒரு துணை நிலையத்தில், குழந்தை பிறப்பது வேறொரு துணை நிலையத்தின் எல்லையில், முதல் தடுப்பூசி அங்கே, மூன்றாவது தவணை மறுபடி இங்கே. நாம் கவனமாக இல்லாவிட்டால் அந்தக் குழந்தை இரண்டு கணக்கிலும் வரும், அல்லது இரண்டிலும் விட்டுப்போகும். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் கொடுத்துத் தொடர்வது இதற்காகத்தான். ஒரே காலத்தில் கர்ப்பமான பெண்களை ஒரு கூட்டமாக வைத்துக்கொண்டு, பிரசவம் வரைக்கும், பிறகு குழந்தையின் தடுப்பூசி முடியும் வரைக்கும் தொடர்ந்து போகும் முறைக்கு ஆய்வாளர்கள் கோஹார்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரிய ஆய்வு நிறுவனங்கள் பெரும் பொருட்செலவில் செய்யும் அதே வேலையைத்தான் உங்கள் பிக்மி பதிவில் நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பல ஊர்களில் காலனிக்குத் தண்ணீர்த் தொட்டி தனி, அல்லது குழாயின் கடைக்கோடியில் காலனி இருக்கிறது. கோயில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடம் விசாரித்து எழுதும் பட்டியல், ஊர்ப் பட்டியல் ஆகாது. ஒவ்வொரு தெருவுக்கும் உங்கள் கால் போக வேண்டும்.

லண்டன், 1854

இந்தத் துறையில் எல்லோரும் முதலில் படிப்பது ஜான் ஸ்னோவின் கதை. 1854 ஆகஸ்ட் 31 இரவு லண்டன் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. சில வாரங்களில் அந்தச் சிறு வட்டாரத்தில் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கெட்ட காற்றால் காலரா வருகிறது என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளை விசாரித்து வரைபடத்தில் குறித்தபோது, பெரும்பாலானவை பிராட் தெரு அடிபம்பைச் சுற்றி இருந்தன. செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோய் தணியத் தொடங்கிவிட்டிருந்தது என்பதையும் ஸ்னோவே எழுதிவைத்திருக்கிறார்.

பாடப்புத்தகங்கள் வரைபடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. ஸ்னோவின் திறமை தெரிவது அவர் விதிவிலக்குகளைத் தேடிப்போனதில்தான். பம்புக்கு அருகிலேயே இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர் தங்கியிருந்தும் காலராவில் இறந்தவர்கள் 5 பேர்தான். விசாரித்தால், விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவில் இருந்த மதுபான ஆலையில் 70க்கு மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள், ஒருவரும் காலராவில் சாகவில்லை. அவர்கள் குடித்தது ஆலையின் மது, ஆலைக்கும் தனிக் கிணறு. மறுபக்கம், காலராவே இல்லாத ஹேம்ப்ஸ்டெட் பகுதியில் ஒரு மூதாட்டி இறந்தார். முன்பு பிராட் தெருவில் வாழ்ந்த அவருக்கு அந்தப் பம்புத் தண்ணீரின் ருசி பிடித்துப்போனதால், தினமும் ஒரு பாட்டில் வண்டியில் போய்க்கொண்டிருந்தது. அருகில் இருந்தும் நோய் வராதவர், தொலைவில் இருந்தும் நோய் வந்தவர் ஆகிய இரண்டு வகை ஆட்களையும் விடாமல் விசாரியுங்கள். பட்டியலில் மிகுதியாகப் பேசுகிறவர்கள் அவர்கள்.

தொடக்கப் புள்ளியைக் கண்டவர் ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார். ஸ்னோவின் முடிவை முதலில் ஏற்காத அவர், வீடு வீடாக விசாரித்த பிறகுதான் மனம் மாறினார். பம்பை ஒட்டிய வீட்டில் ஒரு கைக்குழந்தைக்குப் பேதி கண்டிருந்தது. அதன் துணிகளை அலசிய தண்ணீரைத் தாய் ஊற்றிய கழிவுக்குழி, கிணற்றிலிருந்து சில அடி தூரத்தில் கசிந்துகொண்டிருந்தது. ஊர் மக்களை முகம் பார்த்து அறிந்திருந்தவருக்குத்தான் இந்தத் தகவல் கிடைத்தது. கிராமச் செவிலியருக்கு இருக்கும் பலமும் அதுவே.

காலராக் கிருமியை ராபர்ட் கோக் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து உறுதிசெய்தது 1883, 1884ஆம் ஆண்டுகளில். ஸ்னோ 1858இலேயே இறந்துவிட்டார். கிருமி இன்னதென்று அறியாமலே பரவும் வழியைக் கண்டு அடைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நம் ஊரில் முதல் நாள்

பயிற்சி ஊருக்கு வருவோம். சனிக்கிழமை நான்கு பேர் வந்திருக்கிறார்கள். இது பரவலா, வழக்கமா? பழைய பதிவேட்டில் இதே மாதத்தில், இதே வாரத்தில், போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் எத்தனை பேர் என்று பாருங்கள். வழக்கத்தைவிட மிகுந்தால் பரவல். சில நோய்களுக்கு அந்தக் கணக்கே கிடையாது. காலரா, போலியோ, தொண்டை அடைப்பான் என்று ஒரே ஒருவர்மேல் சந்தேகம் வந்தாலும் அன்றே போனில் மருத்துவ அலுவலருக்குச் சொல்ல வேண்டும். பெரியவர் ஒருவர் அரிசி களைந்த தண்ணீர் போலப் பேதியாகி, கண் குழிந்து, நாடி தளர்ந்து வந்தால் இரண்டாவது ஆளுக்காகக் காத்திருக்காதீர்கள்.

அடுத்து, யாரை நோயாளி என்று எழுதுவது என்பதை முடிவு செய்யுங்கள். ‘இந்த ஊரில் வசிப்பவர், கடந்த வியாழன் முதல் ஏதேனும் 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனவர்’ என்று ஒரு வரி போதும். சுகாதார ஆய்வாளர், ஆஷா, அங்கன்வாடிப் பணியாளர் எல்லோரும் அதே வரியை வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். ஒருவர் வயிற்றுவலியையும் சேர்த்து, இன்னொருவர் விட்டுவிட்டால் இரண்டு தெருவை ஒப்பிடவே முடியாது.

பிறகு லைன் லிஸ்ட். ஒரு நோயாளிக்கு ஒரு வரி. பெயர், வயது, ஆணா பெண்ணா, தெரு, கதவு எண், நோய் தொடங்கிய நாளும் நேரமும், அறிகுறிகள், குடிதண்ணீர் எங்கிருந்து, நிகழ்ச்சிகளில் சாப்பிட்டது, எங்கே சிகிச்சை, இப்போது எப்படி இருக்கிறார். இதில் தடுமாற்றம் தருவது தொடங்கிய நாள்தான். மருத்துவமனைக்கு வந்த நாளை எழுதிவிட்டால் பின்னால் போடும் நாள்வாரி வரைபடமே கோணலாகிவிடும். மக்களுக்குத் தேதி நினைவிருக்காது, சந்தையும் கோயிலும் நினைவிருக்கும். தெற்குத் தெருவில் ஒரு மூதாட்டியிடம் விசாரணை இப்படிப் போகிறது:

“ஆயா, பேதி என்னைக்கு ஆரம்பிச்சது?”

“அது ஆச்சும்மா ரெண்டு மூணு நாளு.”

“வியாழக்கெழம சந்தைக்குப் போனீங்களா?”

“போனேனே. கத்திரிக்கா வாங்கியாந்து கொழம்பு வச்சேன். அன்னிக்கு நல்லாத்தான் இருந்தேன்.”

“மறுநாள் மத்தியானம் கோயில்ல அன்னதானம் போட்டாங்களே, அதுக்குப் போனீங்களா?”

“எங்கம்மா போறது? விடியறதுக்குள்ளயே நாலு தடவ போயிட்டேன். எந்திரிக்கவே முடியல.”

வெள்ளிக்கிழமை விடியற்காலை என்று எழுதிக்கொள்ளலாம். இந்த மூன்று கேள்வியில் இன்னொரு பெரிய செய்தியும் வந்துவிட்டது. ஊர் முழுக்க அன்னதானச் சாப்பாட்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்த ஆயாவுக்கோ அன்னதானத்துக்கு முன்பே பேதி.

கேள்வி கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். “அன்னதானத்துல சாப்பிட்டீங்களா, அதுக்கப்புறம்தானே வயிறு கெட்டுச்சு?” என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். நர்சம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற மரியாதை அது. விடையை நாமே ஊட்டிவிடக் கூடாது.

சந்தேகத்தைக் கணக்கால் சோதிப்பது

புதன்கிழமை வரை 67 பேர். கட்டம் போட்ட தாளில் ஒரு நோயாளிக்கு ஒரு கட்டம் என்று நாள்வாரியாக அடுக்குங்கள்: வியாழன் 3, வெள்ளி 8, சனி 14, ஞாயிறு 15, திங்கள் 13, செவ்வாய் 9, புதன் 5. ஒரே வேளைச் சாப்பாட்டில் நஞ்சு கலந்திருந்தால் கட்டங்கள் சட்டென்று உயர்ந்து சட்டென்று விழும். ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவும் தட்டம்மை போன்றவற்றில் சுமார் பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் அலை அலையாக வரும். இங்கே நான்கைந்து நாள் மேடாக நிற்கிறது. தொடர்ந்து நோய் ஊட்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள்.

அன்னதானத்தையும் நியாயமாக விசாரிப்போம். சாப்பிட்டவர்கள் 700 பேர், அவர்களில் நோயுற்றவர்கள் 38. சாப்பிடாதவர்கள் 540 பேர், அவர்களில் 29. இரண்டு பக்கமும் நூற்றுக்கு 5.4. ‘பேதி கண்டவர்களில் பாதிக்கு மேல் அன்னதானத்தில் சாப்பிட்டவர்கள்’ என்று ஊர் சொல்வது உண்மைதான். பேதி காணாதவர்களிலும் பாதிக்கு மேல் அங்கே சாப்பிட்டவர்களே! நோயுற்றவர்களை மட்டும் விசாரித்தால் இது ஒருநாளும் தெரியவராது. நலமாக இருப்பவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டால்தான் ஒப்பிட முடியும். அன்னதானம் சமைத்தவர் மேல் வீண்பழி விழாமல் காப்பதும் இந்தக் கணக்குதான்.

இப்போது தண்ணீர். தெற்குத் தெருவின் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரைக் குடிப்பவர்கள் அந்தத் தெருவின் 180 பேர் மட்டும் இல்லை. வடக்குத் தெருவில் ஒரு பகுதிக்குக் குழாய் வராததால் 140 பேர் அங்கேதான் குடம் தூக்குகிறார்கள். ஆக 320 பேர், அவர்களில் நோயுற்றவர்கள் 51, நூற்றுக்கு 16. ஊரில் மீதி 920 பேர், அவர்களில் 16 பேருக்கு நோய், நூற்றுக்கு 1.7. ஒன்றை மற்றதால் வகுத்தால் ஏறத்தாழ 9. அந்தத் தொட்டித் தண்ணீரைக் குடிப்பவருக்கு மற்றவரைவிட 9 மடங்கு ஆபத்து. இதை ஒப்பீட்டு அபாயம் என்பார்கள். விடை 1க்குப் பக்கத்தில் இருந்தால் அந்தப் பொருளுக்கும் நோய்க்கும் தொடர்பு இல்லை என்று கொள்ளலாம். அன்னதானத்துக்கு அப்படித்தான் வந்தது.

தொட்டித் தண்ணீர் குடிக்காத 16 பேருக்கு எப்படி வந்தது? ஸ்னோ செய்ததைச் செய்யுங்கள், ஒவ்வொருவர் வீட்டுக்கும் போங்கள். அங்கன்வாடி தெற்குத் தெருவில் இருப்பதால் குழந்தைகள் அங்கே தண்ணீர் குடித்திருக்கலாம். சிலருக்கு எப்போதும் வரும் சாதாரண வயிற்றுப்போக்காகவும் இருக்கலாம். தொட்டித் தண்ணீர் குடித்தும் நலமாக இருக்கும் 269 பேரைக் காட்டி, “எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று ஊராட்சியில் ஒருவர் வாதிடுவார். கொதிக்க வைத்துக் குடிப்பவர்கள், கிருமி உள்ளே போயும் அறிகுறி காட்டாதவர்கள் என்று அவர்களில் பல வகை. விகிதத்தைக் காட்டிப் பொறுமையாக விளக்குங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த முறைக்குச் சென்னை உலகுக்குத் தந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்குச் சானடோரியத்திலும் மறு சாராருக்கு வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்தது. வீடு நெருக்கடியானது, சாப்பாடு போதாது, குடும்பத்தாருக்கு ஒட்டிக்கொள்ளும் என்றெல்லாம் அப்போது அஞ்சினார்கள். 1959இல் வெளியான முடிவில், வீட்டுச் சிகிச்சையின் பலன் சானடோரியச் சிகிச்சைக்கு ஏறத்தாழ ஈடாக இருந்தது. வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. காசநோயாளியை ஊரைவிட்டு அனுப்பாமல் வீட்டிலேயே குணமாக்கும் இன்றைய நடைமுறைக்கு அதுவே அடிப்படை.

கணக்கு முடியும்வரை கைகட்டி நிற்க வேண்டாம்

மேலே சொன்ன கணக்கெல்லாம் புதன்கிழமைதான் முழுமையாகும். ஆனால் சனிக்கிழமை மாலையே தெற்குத் தொட்டியில் குளோரின் போடச் சொல்லியிருக்க வேண்டும், வீடு வீடாக ஓ.ஆர்.எஸ். போயிருக்க வேண்டும். குளோரின் போடுவதற்கு முன்பு பரிசோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுத்துவிடுங்கள். நோயாளிக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கும் முன்பு மல மாதிரி எடுக்க மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள். மாதிரிப் பாட்டில் வரவில்லை என்பதற்காக மட்டும் குளோரினையோ சிகிச்சையையோ தள்ளிப்போடக் கூடாது.

குளோரோஸ்கோப் சோதனையைத் தொட்டியின் அடியில் நின்று செய்வது போதாது. நம் ஊரில் தொட்டிக்கு அடியில் இருக்கும் குழாயில் மஞ்சள் நிறம் நன்றாக வருகிறது. தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் மருந்துத் துளிகளை விட்டால் தண்ணீர் வெள்ளையாகவே நிற்கிறது. போட்ட குளோரின் நடுவழியில் எங்கோ செலவாகிறது, அதாவது அழுக்கு எங்கோ உள்ளே வருகிறது. டேங்க் ஆபரேட்டரையும் சுகாதார ஆய்வாளரையும் கூட்டிக்கொண்டு குழாய் போகும் வழியே நடந்தால், சாக்கடை ஓரத்து வால்வுக் குழியில் கறுப்புத் தண்ணீருக்குள் இணைப்பு மூழ்கிக் கிடக்கிறது. குழாய்த் தண்ணீர் நிற்கும் நேரத்தில் அந்தக் கறுப்புத் தண்ணீரைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைசி வீட்டில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், நோய் பரவும் காலத்தில் 0.5 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். திறந்து கிடந்த மூட்டையின் பிளீச்சிங் பவுடர் வீரியம் இழந்திருக்கும், மூட்டையையும் பாருங்கள்.

இணைப்பைச் சரிசெய்யும்வரை டேங்கர் லாரியில் மாற்றுத் தண்ணீருக்கு மருத்துவ அலுவலர் மூலம் ஏற்பாடு செய்யலாம். 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தில், சந்தேகத்துக்குரிய இடத்திலிருந்து தண்ணீர் எடுப்பதைத் தடுக்க இடமிருக்கிறது. புதிய நோயாளி வருவது நின்ற பிறகும், நோய் முளைக்கும் காலத்தைப் போல இரண்டு மடங்கு நாள் கண்காணியுங்கள். காலராவுக்கு அது சில மணி முதல் 5 நாள், எனவே 10 நாள். மஞ்சள் காமாலையில் ஹெபடைடிஸ் ஏ 15 முதல் 50 நாள் வரை உள்ளே இருக்கும். இன்று காமாலைக்காரர்கள் வந்தால் நீங்கள் விசாரிக்க வேண்டியது போன மாதத் தண்ணீரை.

பழைய நோயாளி, புதிய நோயாளி

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, ரத்தக்கொதிப்புக் கணக்கு செவிலியரின் அன்றாட வேலையாகிவிட்டது. உங்கள் பகுதியில் 30 வயதைத் தாண்டியவர்கள் 2,000 பேர், வருடத் தொடக்கத்தில் சர்க்கரை உள்ளவர்கள் 216, வருடத்தில் புதிதாகக் கண்டறிந்தவர்கள் 24 என்று வைப்போம். வருட முடிவில் 240 பேர், நூற்றுக்கு 12. இது இருப்பு விகிதம். எவ்வளவு மாத்திரை, எத்தனை பரிசோதனை தேவை என்று சொல்லும். புதியவர்கள் 24 பேரை 2,000ஆல் வகுக்கக் கூடாது. ஏற்கெனவே சர்க்கரை உள்ளவருக்குப் புதிதாக வர முடியாது அல்லவா? மீதி 1,784ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு 13.5. இது நிகழ்வு விகிதம். தடுப்பு வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லும்.

நல்ல சிகிச்சை கிடைத்தால் நோயாளிகள் நீண்ட நாள் வாழ்வார்கள், இருப்பு விகிதம் ஏறும். வீடு வீடாகப் பரிசோதித்தாலும் ஏறும். ஆய்வுக் கூட்டத்தில் “உங்கள் பகுதியில் மட்டும் ஏன் சர்க்கரை இவ்வளவு?” என்று கேட்டால் தலைகுனிய வேண்டாம். எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்ற எண்ணைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

சின்ன எண்ணில் பெரிய விகிதம்

மாதிரிப் பதிவு அறிக்கையின்படி 2020இல் சிசு மரண விகிதம் இந்தியாவில் ஆயிரம் பிறப்புக்கு 28, தமிழ்நாட்டில் 13. உங்கள் துணை நிலையத்தில் வருடத்துக்கு 65 குழந்தை பிறந்து ஒன்று இறந்தால் விகிதம் 15. இரண்டு இறந்தால் 31. ஒன்றும் இறக்காவிட்டால் 0. ஒரே செவிலியர், ஒரே உழைப்பு, விகிதம் மட்டும் வருடத்துக்கு வருடம் எகிறிக் குதிக்கும். இத்தனை சிறிய எண்ணிக்கையில் ஒரு வருட விகிதத்தை வைத்துச் செவிலியரைப் பாராட்டுவதும் தவறு, குற்றம் சாட்டுவதும் தவறு. ஐந்து வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள், அல்லது வட்டார அளவில் பாருங்கள்.

துணை நிலையத்தில் விகிதத்தைவிட ஒவ்வொரு மரணத்தின் வரலாறுதான் முக்கியம். தாய்க்கு ரத்தசோகை எந்த மாதத்தில் தெரிந்தது? வலி எடுத்து எத்தனை மணி நேரம் கழித்து வண்டி வந்தது? எடை குறைந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பிய பிறகு யார் போய்ப் பார்த்தார்கள்? துக்க வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. நேரம் பார்த்து, பாட்டியையோ அத்தையையோ துணைக்கு வைத்துக்கொண்டு, குறை கண்டுபிடிக்க வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள். அங்கே கேட்டதைத் தெருவில் பேசக் கூடாது.

வார அறிக்கை

ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004இல் தொடங்கியது. திங்கள் முதல் ஞாயிறு வரை நீங்கள் கண்ட காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காமாலை, இருமல் எல்லாம் எஸ் படிவத்தில் போகின்றன. இப்போது அதை இணையத்தில் நேரடியாக ஏற்றுகிறோம். வேலை நெருக்கடியில் போன வார எண்ணையே சற்று மாற்றி எழுதிவிடும் ஆசை யாருக்கும் வரலாம். அப்படிச் செய்தால் உங்கள் பகுதியில் நோய் ஏறும்போது மாவட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. நோயாளி யாரும் வராத வாரத்தில் படிவத்தை அனுப்பாமல் விடுவதும் அதே அளவு கெடுதல். மேலே இருப்பவருக்கு உங்கள் ஊர் நலமாக இருக்கிறதா, அறிக்கைதான் வரவில்லையா என்று பிரித்தறிய வழியில்லை. நோயாளி இல்லாத வாரத்திலும் பூச்சியம் என்று எழுதி, குறித்த நாளில் அனுப்பிவிடுங்கள்.